நீடித்து வெளியாகும் மார்பின்

கடும் வலியை நாள் முழுதும் அடக்கி வைப்பதற்கென்று, விழுங்கிய பின் 12 மணி நேரமோ 24 மணி நேரமோ மருந்தைச் சிறுகச் சிறுகக் குடலில் விடும்படி செய்யப்பட்ட மார்பின் மாத்திரை அல்லது கேப்சூல். புற்றுநோய் முற்றியவர்களின் வலிக்காக உருவாகி, பின்னர் மற்ற நாள்பட்ட வலிகளுக்கும் தரப்பட்டது. முன்னதில் அது ஈட்டிய நற்பெயர் பின்னதில் நிலைக்கவில்லை.

அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த ஃப்ரீட்ரிக் செர்ட்யூர்னர். 19ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அவர் செய்த வேலை அது. 1827 முதல் டார்ம்ஸ்டாட்டில் மெர்க் நிறுவனம் அதை விற்பனைக்குத் தயாரித்தது. 1850களில் ஊசி வந்ததும் மார்பின் என்றாலே ஊசிமருந்து என்றாகிவிட்டது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மருத்துவமனை வழக்கம் ஒன்றே: வலி தாங்காமல் நோயாளி கதறும்போது ஊசி போடுவது, அதுவும் பழக்கமாகிவிடுமோ என்ற பயத்தில் தள்ளித் தள்ளிப் போடுவது.

இந்த வழக்கத்தை மாற்றியவர் லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1957இல் மருத்துவரானவர். சாகும் நிலையில் உள்ளவர்களைப் பார்த்துக்கொண்ட செயின்ட் லூக்ஸ் இல்லத்தில், வலி திரும்புவதற்கு முன்பே அடுத்த வேளை மார்பினை வாய்வழி கொடுத்துவிடுவதைக் கண்டிருந்தார். 1958 முதல் ஹாக்னியின் செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் அதையே முறையாகச் செய்து, ஒவ்வொரு நோயாளியையும் பற்றிக் குறிப்பெழுதி வைத்தார். நான்கு மணிக்கொரு முறை அளவாகக் கொடுத்தால் நோயாளி மயங்கிக் கிடப்பதில்லை, அளவு கட்டுமீறி ஏறுவதுமில்லை என்பதை அந்தக் குறிப்புகள் காட்டின. 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் இன்றைய நோய்த்தணிப்பு மருத்துவத்தின் தாய்வீடு. பின்னாளில் வந்த மாத்திரை இந்த எண்ணத்துக்குக் கருவியாக வந்ததுதான். மருந்தைக் கடிகாரம் பார்த்துத் தரவேண்டும் என்பதை முதலில் நிலைநாட்டியது கட்டிலருகே நடந்த கவனிப்பு.

செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தில் 1970களில் மருத்துவர் ராபர்ட் ட்வைக்ராஸ் ஆய்வு செய்தார். அப்போது இங்கிலாந்தில் பேர்பெற்றிருந்தது பிராம்ப்டன் கலவை: மார்பின் அல்லது ஹெராயினோடு கொக்கெய்னும் சாராயமும் சேர்ந்த திரவம். வாய்வழி கொடுக்கும்போது ஹெராயினுக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை, வெறும் மார்பினே போதும் என்று அவர் காட்டியபின் அந்தக் கலவை மெல்ல மறைந்தது.

மீதமிருந்த சிக்கல் இரவு. உடலில் மார்பினின் அளவு இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே நள்ளிரவு தாண்டியும் ஒரு வேளை கொடுத்தாக வேண்டும். நோயாளியை எழுப்பவேண்டும், இல்லாவிட்டால் வலியே எழுப்பிவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ தூக்கம் கிடையாது. வலியோடு நாள் கழிப்பவருக்கு ஓர் இரவுத் தூக்கம் எவ்வளவு பெரிய வரம் என்பதை உடனிருந்தவர்கள் அறிவார்கள். பிரிட்டனின் நாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எம்.எஸ்.டி. கான்டினஸ் இதற்கு விடையானது. நீரை உறிஞ்சும் செல்லுலோஸ் பொருளையும் மெழுகுத்தன்மை கொண்ட கொழுப்பு ஆல்கஹாலையும் பிணைத்து, அந்தப் பிணைப்புக்குள் மார்பினை வைத்தார்கள். குடல் நீர் ஊற ஊற மருந்து கசிகிறது. அமெரிக்காவில் எம்.எஸ். கான்டின் என்ற பெயரில் பர்டூ ஃபிரெடரிக் விற்ற இதே வகை மாத்திரைக்கு 1987இல் அரசு ஒப்புதல் கிடைத்தது. நாளுக்கு ஒரு முறை போதும் என்ற கேப்சூல்கள் 1990களில் வந்தன.

இந்த அமைப்பே இதன் ஆபத்தும் ஆகும். மாத்திரையை மென்றாலோ பொடித்தாலோ அரைநாளுக்கு உரிய மருந்து ஒரேயடியாக இறங்கி மூச்சை அடக்கிவிடும். சில 24 மணி நேரக் கேப்சூல்களை மதுவோடு சேர்த்தாலும் அப்படியே. வழக்கமாக, உடனே வேலை செய்யும் மார்பினைக் கொடுத்து நாள் அளவு நிலைப்பட்ட பிறகே நீடித்த வகைக்கு மாற்றுவார்கள். இடையில் வலி எகிறினால் கொடுக்க, நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு உடனடி மார்பின் கையிருப்பில் இருக்கும். மலச்சிக்கலுக்கு மருந்தை முதல் நாளே சேர்த்து எழுதவேண்டும், அது தானாகச் சரியாகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்பினின் சிதைபொருள்கள் உடலில் தேங்கும் என்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலி பற்றி வெளியிட்ட சிறுநூல், வாய்வழி, நேரப்படி, படிப்படியாக என்ற நெறியை உலகெங்கும் கொண்டுசென்றது. அதே ஆண்டு நியூயார்க் மருத்துவர்களான போர்ட்டனாயும் ஃபோலியும் புற்றுநோய் அல்லாத வலிக்கு மார்பின் வகை மருந்துகளை நெடுங்காலம் பெற்ற 38 பேரைப் பற்றி எழுதினார்கள். அவ்வளவு சிறிய ஆய்வின்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை ஏற்றப்பட்டது. எம்.எஸ். கான்டின் தொழில்நுட்பத்தின் வழிவந்த ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை பர்டூ 1996இல் இறக்கி, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் தள்ளி விற்றது. மெதுவாக வெளியாவதால் அடிமையாகும் அபாயம் குறைவு என்பது அதன் விளம்பரம். மக்கள் பொடித்து உறிஞ்சினார்கள், இறந்தார்கள். 2007இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நாள்பட்ட முதுகுவலிக்கும் இடுப்பு, முழங்கால் தேய்மான வலிக்கும் 240 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனை 2018இல் வெளிவந்தது. மார்பின் வகை மருந்துகள் மற்ற வலிநிவாரணிகளைவிட மேலானவை அல்ல என்றது அது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2016 வழிகாட்டுதல், தொடக்கத்தில் நீடித்த வகை வேண்டாம் என்றது. அதைக் காட்டி ஆண்டுக்கணக்கில் மருந்தில் இருந்தவர்களுக்குச் சட்டென்று நிறுத்தினார்கள். அதுவும் கொடுமைதான். திடீர் நிறுத்தத்துக்கு எதிராக அந்நாட்டு மருந்து ஆணையமே 2019இல் எச்சரிக்க நேர்ந்தது.

இந்தியாவின் கதை நேர்எதிர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினி பயிராகிறது. நீமச்சிலும் காஸிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985இன் போதைப் பொருள் சட்டம் கடும் சிறைத் தண்டனையையும் அடுக்கடுக்கான உரிமங்களையும் விதித்ததால், பல மருத்துவமனைகள் மார்பினை வாங்குவதையே விட்டுவிட்டன. 1997இல் நாடு முழுவதும் பயன்பட்டது 18 கிலோ அளவே. கோழிக்கோட்டில் 1993இல் நோய்த்தணிப்பு இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் நெடுங்காலம் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரே உரிமம் என்றானது.

2010 முதல் 2013 வரை உலகில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட மார்பின் வகை வலிநிவாரணி, மார்பின் கணக்கில் சராசரியாக 298.5 டன், அதில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன் என்று 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. உகாண்டாவில் 1993இல் மருத்துவர் ஆன் மெரிமன் தொடங்கிய இல்லம் மார்பின் பொடியை நீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்து வருகிறது. நீடித்த மாத்திரை விலை கூடியது, பொடி மலிவானது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள நாடு உடனடி மார்பினையே வாங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் கூறுகிறது.