சிறு மோட்டார் வண்டிகளும் கல்முனைக் கரையோரமும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை ஆராய்வோர், மிகச் சிறிய வண்டிகள் பெரும்பாலும் தட்டுப்பாடு நிலவிய காலங்களிலேயே செல்வாக்குப் பெற்றன என்பதைக் காண்பர். பணம், பெற்றோல், இடம் ஆகிய மூன்றின் தட்டுப்பாடுமே அவற்றை வளர்த்தன எனலாம். இம்மூன்றையும் ஒருங்கே அறிந்த பிரதேசம் அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாகும். ஆதலின், அவ்வண்டிகளின் நன்மை தீமைகளை அக்கரையோரத்தை முன்வைத்து எடைபோடுதல் பொருத்தமுடையது.

பிரித்தானியாவில் 1922 இல் வெளிவந்த ஒஸ்டின் செவன், நடுத்தர வகுப்பினரின் கைக்கெட்டிய முதல் வண்டிகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் 1953 இல் இசெற்றா தோன்றியது. முன்புறத்தில் ஒரே கதவு கொண்ட அவ்வண்டியைச் செருமனியில் பி.எம்.டபிள்யூ நிறுவனமும் தயாரித்தது. 1956 இல் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டுப் பெற்றோல் பங்கீடு வந்தபோது இத்தகைய ‘குமிழி வண்டிகள்’ பெருகின. எனினும், 1959 இல் வந்த மினியின் முன் அவை நிலைக்கவில்லை. அலெக் இசிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காகப் பொருத்தி, ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளத்துள் நால்வர் அமர இடங்கண்டார். வெளியே சிறுத்து உள்ளே குடும்பத்தை ஏற்ற வண்டி நிலைத்தது. வெறுமனே சிறுத்த வண்டி மறைந்தது.

யப்பானில் சிறு வண்டியை வளர்த்தது சட்டமாகும். 1949 இல் வகுக்கப்பட்ட ‘கெய்’ என்னும் பிரிவின் இயந்திர எல்லை 1955 இல் 360 கன சென்ரிமீற்றராகவும், 1976 இல் 550 ஆகவும், 1990 இல் 660 ஆகவும் உயர்ந்தது. இன்று அதன் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் விஞ்சலாகாது. இந்தியாவில் சுசுக்கியின் துணையுடன் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, முப்பது ஆண்டுகளில் 25 இலட்சத்துக்கும் மேலாக ஆக்கப்பட்டது. மாறாக, ஒரு இலட்சம் ரூபாய் வண்டியென 2008 இல் அறிமுகமான டாட்டா நானோ 2018 இல் முடிவுற்றது. ஆண்டுக்கு 250,000 வண்டிகளை ஆக்கவல்ல சானந்த் தொழிற்சாலை, அத்தொகையை ஒருபோதும் எட்டவில்லை. ‘மிக மலிவானது’ என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று. மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து செல்லும் குடும்பத்துக்கெனக் கருதப்பட்ட வண்டியை, அக்குடும்பங்களே ஏழ்மையின் அடையாளமாகக் கண்டு ஒதுங்கின.

இலங்கையில் 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மொரிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டும் வழக்கம் அக்காலத்துக்குரியது. 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின் மாருதியும், பின்னாளில் யப்பானிய கெய் வண்டிகளும் வந்தன. இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு வரி விதிக்கப்பட்டமையே, ஆயிரம் கன சென்ரிமீற்றருக்குட்பட்ட வண்டிகளை நடுத்தரக் குடும்பங்கள் நாடியமைக்கு முதற்காரணம். 2020 மார்ச்சில் தடைப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டது. இடையில், 2022 ஜூலையில் தொடங்கிய எரிபொருள் பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. பெரிய காருக்கும் சிறிய காருக்கும் ஒரே அளவு என்பதால், லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் சிறு கார் 400 கிலோமீற்றர் சென்ற வாரத்தில், எட்டே கிலோமீற்றர் ஓடும் பெருவண்டி 160 உடன் நின்றது.

இனிக் கரையோரத்தை நோக்குவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒரே கோவையாக அமைந்துள்ளன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் இடைப்பட்ட மணற்றிடலில் ஊர்கள் நெருங்கின. ஏ-4 நெடுஞ்சாலை அவற்றின் முதுகெலும்பு. அதிலிருந்து கடலை நோக்கிக் குறுகிய ஒழுங்கைகள் பிரிகின்றன. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின், கடலோரத்தில் வாழ்ந்தோர்க்கு வேறிடம் தேடியபோது நிலத்தின் நெருக்கடி இன்னும் வெளிப்பட்டது.

இத்தகைய ஊர்களில் ஒன்றரை மீற்றர் அகல வண்டி பெரும் பயனுடையது. அது வீட்டுவாசல் வரை செல்லும். சிறு முற்றத்திலும் நிற்கும். நள்ளிரவில் நோயாளியை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும், மாரி மழையில் முதியோரையும் குழந்தைகளையும் நனையாமல் ஏற்றிச் செல்லவும் அது உதவும். தந்தை, தாய், பிள்ளைகள் என நால்வர் ஏறிய மோட்டார் சைக்கிளை விட, இருக்கைப் பட்டியுள்ள நான்கு சில்லு வண்டி நிச்சயம் பாதுகாப்பானது.

குறைகளும் சிறியனவல்ல. ஒழுங்கையில் பொருந்தும் வண்டி, நெடுஞ்சாலையில் பேருந்தோடும் லொறியோடும் ஓடவேண்டியுள்ளது. எடை குறைந்ததும் கூடியதும் மோதினால், பேரதிர்ச்சி எடை குறைந்ததற்கே. 2014 இல் குளோபல் என்கெப் நிறுவனம் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் இந்திய வண்டிகளை மோதவிட்டுச் சோதித்தபோது நானோவும் அல்டோ 800 உம் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றிற் பெரிய வண்டிகளும் அச்சோதனையில் தவறின. ஆகவே குற்றம் உருவச் சிறுமையில் மட்டுமன்று, காற்றுப்பை முதலியவற்றைக் குறைத்து விலையைக் குறைத்ததிலும் உண்டு. மேலும், வடகீழ்ப் பருவமழையில் தேங்கும் வெள்ளம் தாழ்ந்த வண்டியைத் தடுக்கும்; கடற்காற்றின் உப்பு மெல்லிய தகட்டை அரிக்கும்; ஆறேழு பேர் கொண்ட குடும்பம் ஒருங்கே ஏறவியலாது.

இவ்விரு பக்கங்களையும் நோக்கின், சிறு வண்டி நல்லதா தீயதா என்ற வினாவுக்குப் பொதுவிடை இல்லை என்பது புலனாகும். அது எதன் இடத்தைப் பிடிக்கின்றது என்பதே உரைகல். சுமை மிகுந்த மோட்டார் சைக்கிளின் இடத்தைப் பிடிப்பின் அது உயிர்காப்பு. தேவையின்றி வாங்கிய பெருவண்டியின் இடத்தைப் பிடிப்பின் அது சிக்கனம். பேருந்தின் இடத்தைப் பிடிப்பினோ ஊருக்கு இழப்பே. ஒரே வீதியைப் பற்றி வரிசையாக அமைந்த ஊர்களுக்குப் பேருந்தைப்போல் பொருந்துவது பிறிதில்லை. நாற்பது பேரை ஏற்றும் பேருந்துக்குப் பதிலாகப் பத்துச் சிறு வண்டிகள் அவ்வீதியில் நிரம்பின், சிறுமை தந்த இடம் எண்ணிக்கையால் அழியும். ஒழுங்கைக்குச் சிறு வண்டியும் நெடுஞ்சாலைக்கு நல்ல பேருந்தும் என்ற பங்கீடே கல்முனைக் கரையோரத்துக்கு ஏற்ற முடிபாகும்.