கல்லோயாவின் கடைமடை

பட்டிப்பளை ஆறு என்று கிழக்கிலங்கைத் தமிழர் வழங்கிவந்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் தொடங்கிய பெருந்திட்டம் அணையும் கால்வாயும் குடியேற்றமும் ஆகிய அனைத்திலும் மேலிருந்தே வகுக்கப்பட்டது. நீர் எங்கே பாயும் என்பதைப் பொறியியலாளர் வரைபடத்திலே கண்டனர். வயலில் நின்றவனை எவரும் கேட்டிலர். குடியேற்றத்தோடு இனப்பகையும் வளர்ந்தது. 1956 ஜூனில் அப்பள்ளத்தாக்கிலே தமிழர்மீது நிகழ்ந்த வன்செயலை மறந்துவிட்டு இவ்வரலாற்றைப் பேசுதல் தகாது.

முப்பது ஆண்டுகள் கழியுமுன்னரே இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன. மதகுகள் பழுதுற்றன, சில வேண்டுமென்றே உடைக்கவும் பட்டன. தலைமடையிலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைமடையிலே தமிழ் பேசும் கமக்காரர். மேலே நீர் வீணாக ஓட, கீழே பயிர் கருகிற்று. அதிகாரிகள் கமக்காரரைக் குறைகூறினர். கமக்காரர் அதிகாரிகளைத் தூற்றினர்.

1981இலே அமெரிக்க உதவியுடன் புனரமைப்பு வேலை தொடங்கியபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை அமைப்பாளராகக் கிராமங்களுக்கு அனுப்பின. அமெரிக்கப் பணம் என்றதும் நம்மவர் ஐயுறுவர், ஐயுறவும் வேண்டும். ஆயினும் நடந்தது நம் கவனத்திற்குரியது. அவ்விளைஞர் யாப்பும் சட்டமும் ஏந்திச் செல்லவில்லை. வீடுவீடாகச் சென்று, எது முதலில் தீர வேண்டிய குறை என்று கேட்டனர். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோர் சிறுசிறு குழுக்களாகக் கூடினர். முறையான சங்கங்கள் பின்னர்தான் தோன்றின.

அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் ஏறக்குறைய கால்பங்கே நிறைந்திருந்தது. சண்டை மூளும் என்று அஞ்சிய வேளையிலே, கமக்காரர் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மீந்ததைக் கீழே விட்டனர். அந்நீர் தமிழர் வயலையும் சேரும் என்பதை அறிந்தும் விட்ட சிங்களக் கமக்காரர் இருந்தனர். புனரமைப்புத் திட்டங்களும் அவர்கள்முன் வைக்கப்பட்டன. எவ்விடம் மேடு, எம்மதகு பயனற்றது என்று அவர்கள் கூறியவற்றை, முதலில் முகஞ்சுளித்த பொறியியலாளர் சிலரும் ஏற்கலாயினர்.

அமைப்பாளர்க்கு நிரந்தர வேலை வழங்கப்படவில்லை. ஆசிரியப் பதவி கிடைத்ததும் பலர் விலகிச் சென்றனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. எனினும் கமக்காரர் குழுக்கள் நிலைத்தன. 1988இல் அரசும் கமக்காரரோடு கூடிய நீர்ப்பாசன நிருவாகத்தைக் கொள்கையாக ஏற்றது. கடைமடைக்கோ நீர் அயலவன் நல்லெண்ணத்தால் வந்ததேயன்றி, உரிமையால் வந்ததன்று. காணியை எவருக்கு, எவ்விடத்திலே பகிர்வது என்ற கேள்வி அத்திட்டத்தின் வரம்புக்குள் வரவேயில்லை.