மரச்சீனியின்மீது விழுந்த பழி

திருவனந்தபுரத்தினின்று தெற்கே வரும் பெருவழியில் முதலில் நெய்யாற்றின்கரை. அதனைக் கடந்தால் பாறசாலை. அப்பால் களியக்காவிளை, தமிழ்நாட்டு எல்லை. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தமிழர் பலர் கோரியும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோட்டின் இருபுறத்தாரும் மரச்சீனி என்றே அழைக்கும் கிழங்கு, இருபுறத்து அடுப்பிலும் வெந்தது. நேயர்கள் தில்லியிலும் மும்பையிலும் பாயசத்திற்கு வாங்கும் ஜவ்வரிசியும், பெரும்பாலும் சேலத்தில், இக்கிழங்கினின்றே செய்யப்படுகிறது.

அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய இது போர்ச்சுக்கீசியர் வழியே மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, ஏழைக் குடும்பங்களின் உயிரைக் காத்தது இக்கிழங்கே.

அக்கிழங்கின்மீதே பின்னர்ப் பழி விழுந்தது. திருவனந்தபுரத்தில் 1951-இல் மருத்துவக் கல்லூரி தோன்றியபின், கேரள மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் ஒரு விந்தையான நோயை ஆராயலானார். சிறுவயதில் அடிக்கடி வயிற்றுவலி. பருவம் எய்தும் காலத்தில் நீரிழிவு. வாழவேண்டிய வயதில் மரணம். நோயாளர் பெரும்பாலும் மெலிந்த ஏழைகள். மதுப் பழக்கம் அற்றவர்கள். எக்ஸ்-ரே படத்தில் கணையத்தினுள் சுண்ணாம்புக் கற்கள் வெண்மையாய்த் தெரிந்தன. இந்நோய் குறித்து 1968-இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார்.

கணையத்திற்குத் தொழில் இரண்டு. உணவைச் செரிக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. அதனுள் தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் நுண்ணணுக்கள் இன்சுலினைச் சுரந்து இரத்தத்தில் விடுவது மற்றொன்று. கற்கள் குழாயை அடைக்கின்றன. தசை வடுப்பட்டு இறுகுகிறது. நாளடைவில் அத்தீவுகளும் நசிந்து இன்சுலின் குன்றுகிறது. எனினும் சுரப்பு முற்றிலும் வற்றுவதில்லை. ஆகவே, இரத்தம் அமிலத்தன்மை மிகுந்து நோயாளி மயங்கிவிழும் நிலை இவர்களிடம் அரிது. இந்த நுட்பத்தை நாம் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம். டொராண்டோ நகரில் 1921-இல் கண்டறியப்பட்ட இன்சுலின் இவர்களுள் மிகப் பலருக்கு ஊசிவழியே தேவைப்படுகிறது. அது தவறாது கிடைத்தால் ஆயுள் நீள்கிறது.

காரணம் யாது? மரச்சீனியில் சயனைடைத் தரும் பொருள் உண்டு. அந்நஞ்சை முறிக்க உடலுக்குக் கந்தகம் கலந்த புரதக்கூறுகள் வேண்டும். மீனும் பருப்பும் அரிதாகவே கிட்டும் ஏழைக்கு அவை ஏது? 1979-இல் மாக்மில்லன் என்பாரும் கீவர்கீஸும் இக்கருத்தை முன்வைத்தனர். கேட்டமாத்திரத்தில் மனம் ஒப்பும் கருத்து. அதனாலேயே எளிதில் பரவியது போலும்! உலகச் சுகாதார நிறுவனமும் 1985-இல் ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு என்று ஒரு வகையை ஏற்படுத்தி, இந்நோயை அதில் அடக்கியது.

ஆனால் சான்றுகள் ஒத்துழைக்கவில்லை. மரச்சீனி உண்ணாத இந்தியப் பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. அதை மிகுதியாய் உண்ணும் ஆப்பிரிக்கப் பகுதிகள் சிலவற்றில் காணப்படவில்லை. எலிகளுக்கு அக்கிழங்கை நெடுநாள் ஊட்டியும் கணைய நோயோ நீரிழிவோ தோன்றவில்லை என்று சென்னை ஆய்வாளர் 2000-இல் வெளியிட்டனர். செரிமான நீர் குன்றியதாலேயே பலர் மெலிந்திருக்கக்கூடும் என்பதும் தெளிவாயிற்று; மெலிவு நோயின் காரணமாக அன்றி விளைவாகவும் இருக்கலாம். 1999-இல் அந்த வகைப்பாட்டையே உலக நிறுவனம் நீக்கிவிட்டது. செரிமான நொதியைக் கட்டுப்படுத்தும் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் மாற்றம் நோயாளர் பலரிடம் இருப்பதை 2002-இல் இந்திய ஆய்வுகள் காட்டின. எல்லாரிடமும் அது இல்லை. ஆகவே வழக்கு முடிந்ததென்று கூற நாம் துணியோம்.

கேரளத்தில் இந்நோய் முன்போல் மிகுதியாக இல்லை. வருவோர்க்கும் வயது கடந்தே வருகிறது. பாறசாலைப் பக்கத்து வீடுகளில் தோல் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டியபின்னரே மரச்சீனி சாளை மீன் குழம்போடு இலைக்கு வருகிறது. சயனைடின் பெரும்பகுதி அவ்வாறு கொட்டப்படும் நீரோடு போய்விடுகிறது.