பிரசவக் காயங்களும் சமூக வர்க்கமும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

பிரசவத்தில் உயிரிழந்த தாய்மாரைப் பற்றிய கணக்குகள் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே ஓரளவு ஒழுங்காகக் கிடைத்து வருகின்றன. ஆனால் உயிர் தப்பியும் தீராத காயத்தோடு எஞ்சிய வாழ்நாளைக் கழித்த தாய்மாரைப் பற்றி அத்தகைய கணக்கு நெடுங்காலம் எடுக்கப்படவே இல்லை. மரணத்துக்குப் பதிவேடு இருந்தது. சிறுநீர்ப்பையில் விழுந்த துளைக்கும், ஆசனவாய்த் தசைவரை நீண்ட கிழிசலுக்கும், அடியிறங்கிப் போன கருப்பைக்கும் பதிவேடு இல்லை. ஆகவே எந்த வர்க்கத்துப் பெண்ணுக்கு இத்தகைய காயம் அதிகம் நேர்ந்தது என்று ஆராயப் புகுபவர், மருத்துவர்கள் எழுதி வைத்த நோயாளிக் குறிப்புகளையும், எலும்பு நோய்களைப் பற்றிய ஆய்வுகளையும், மரணக் கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே விடை காண வேண்டியிருக்கிறது. ஏழைக்கே எந்தத் துன்பமும் மிகுதி என்பது பொதுவாக மெய்யே. ஆயினும் பிரசவக் காயத்தின் சரித்திரம் அந்த ஒரே பாதையில் நேராகச் செல்லவில்லை. சமூக நிலைமை சிற்சில காலங்களில் பெண்ணின் எலும்பின் வழியாகவும், வேறு சில காலங்களில் அவள் கட்டிலருகே வரவழைக்கப்பட்ட மனிதரின் கைவழியாகவும் அவளைக் காயப்படுத்தியது என்பதே நான் இங்கு நிறுவ விரும்புவது.

முதலில் எலும்பு. நன்றாக வளர்ந்த பெண்ணின் இடுப்பெலும்பு வளையத்தில், முன்பக்கத்து எலும்புக்கும் பின்பக்கத்து முதுகெலும்பின் முகட்டுக்கும் இடையே சுமார் 11 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். சிசுவின் தலை அதன் வழியே திரும்பித் திரும்பி இறங்கி வர அது போதும். குழந்தைப் பருவத்தில் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மெலிவு நோய் கண்டவளுக்கோ, எலும்பு மிருதுவாக இருந்த அந்த ஆண்டுகளிலேயே உடலின் பாரம் முதுகெலும்பின் அடியை முன்னோக்கி அழுத்திவிடுவதால், அவ்விடைவெளி குறுகி, வளையம் தட்டையாகிப் போகிறது. அவள் தாயாகும் வேளையில் தலை அங்கே சிக்கிக்கொள்கிறது. இரண்டு நாள், மூன்று நாள் என வலி நீடிக்க, முன்னெலும்புக்கும் சிசுவின் மண்டைக்கும் நடுவே அகப்பட்ட சிறுநீர்ப்பையின் சுவர் இரத்த ஓட்டமின்றி மரத்து மடிகிறது. பெரும்பாலும் இறந்தே பிறக்கும் அச்சிசு வெளிவந்து சில நாட்கள் கழிந்தபின், மடிந்த சதை உதிர்ந்து துளை விழ, அன்று முதல் சிறுநீர் இடைவிடாது கசிகிறது. ஃபிஸ்டுலா என்று வைத்தியர்கள் குறிப்பிடும் இக்கேட்டினால் கணவனாலும் சுற்றத்தாராலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் எந்தத் தேசத்திலும் இருந்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் தொழில் நகரங்கள் இந்த எலும்புக் கேட்டின் விளைநிலங்களாயின. 1889இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் விசாரணைக் குழு ரிக்கெட்ஸ் பரவியிருந்த இடங்களைத் தேசப்படத்தில் குறித்தபோது, நோய் ஆலைப் புகை சூழ்ந்த நகரங்களில் அடர்ந்தும் கிராமப்புறங்களில் அருகியும் காணப்பட்டது. ஜப்பானில் மருத்துவ ஊழியம் செய்து திரும்பிய தியோபால்ட் பாம் என்பவர், மறு ஆண்டே, சூரிய ஒளி கிடைக்காமையே இதற்குக் காரணம் என்று எழுதினார். அவர் சொல்லை அக்காலத்தார் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் வைத்தியர் விளக்கொளியைப் பாய்ச்சி நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டும் வரையில், அது ஒரு தூரத்து ஊகமாகவே நின்றது.

கிளாஸ்கோ நகரின் ராட்டன்ரோ பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைத் தாய்மார் பலர் கால் வளைந்து, உயரம் குன்றி, வளையம் குறுகிய பெண்கள். அவர்களுள் மிகக் கடினமான நிலையில் இருந்தவர்களுக்குச் செய்யப்பட்டு வந்தது, சிசுவின் தலையைத் துளைத்து உடைத்துத் துண்டு துண்டாக வெளியே எடுக்கும் கொடிய சிகிச்சை; கொக்கிகளும் உடைந்த எலும்பின் முனைகளும் தாயின் சதையையும் கிழித்தன. சிசேரியன் அறுவை அதற்கு முன்பும் செய்யப்பட்டதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் மரண தண்டனைக்கு நிகராகவே இருந்தது. 1882இல் ஜெர்மானியரான மாக்ஸ் சாங்கர் கருப்பைச் சுவரை உள்ளே முறையாகத் தைத்து மூடும் வழியை வகுத்த பின்னரே நிலைமை மாறிற்று. 1888 ஏப்ரலில் மர்டாக் கேமரன் என்னும் வைத்தியர், ரிக்கெட்ஸினால் உருக்குலைந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு ராட்டன்ரோவில் கிருமி நீக்க முறைப்படி அவ்வறுவையைச் செய்ய, தாயும் சேயும் பிழைத்தனர். அந்நகரில் அத்தனை பெண்கள் குறுகிய வளையத்தோடு வந்திராவிட்டால், அவ்வறுவை அங்கே அவ்வளவு விரைவில் தேர்ச்சி பெற்றிருக்குமா என்பது சந்தேகமே.

இவ்வளவும் படித்தவர் ஏழ்மையே எலும்பைக் கெடுத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடும். நம் தேசத்துச் சான்றுகள் அம்முடிவைத் தடுக்கின்றன. 1922இல் ஹட்சிசன், ஷா என்னும் இருவர் நாசிக்கில் நடத்திய ஆய்வில், வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வாழ்ந்த வசதியான குடும்பத்துப் பெண்களிடமும் அவர்தம் குழந்தைகளிடமும் எலும்பு நோய் மிகுந்திருக்க, போதிய உணவின்றியும் வெயிலில் திரிந்த ஏழைகளிடம் அது அரிதாக இருந்தது. காஷ்மீரத்தில் பணியாற்றிய காத்லீன் வாகன் என்னும் மருத்துவர், 1928இல், பெண்களை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் கோஷா வழக்கத்துக்கும் தாய்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஸ்ரீநகரில் படகுகளில் வாழ்ந்து துடுப்பு வலித்த பெண்களும் வயல்களில் உழைத்த பெண்களும் எளிதில் பிரசவிக்க, மானமுள்ள குடும்பம் என்பதற்கு அடையாளமாக இருட்டறைகளில் வைக்கப்பட்ட பெண்கள் எலும்பு மெலிந்து, வளையம் நொறுங்கிக் குறுகி, பிரசவத்தில் சிதைந்தார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கிளாஸ்கோவில் கரிப்புகையும் நெருங்கிய குடியிருப்பும் மறைத்த அதே வெயிலை, இங்கே குடும்ப கௌரவம் மறைத்தது. ஒரே நோய் ஓரிடத்தில் தாழ்ந்தவளையும் மற்றோரிடத்தில் உயர்ந்தவளையும் பற்றியது. இருவரும் தேர்ந்துகொண்ட வாழ்க்கையல்ல அது என்பதை மறக்கலாகாது.

அடுத்து, கை. சிசுவின் தலையைப் பற்றி இழுக்கும் குறடு, இங்கிலாந்தில் சாம்பர்லன் குடும்பத்தாரால் நூறாண்டுக்கு மேல் இரகசியமாகக் காக்கப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. அதன் உபயோகத்துக்கு நிதானமான விதிகளை வகுத்த வில்லியம் ஸ்மெல்லி, 1739இல் லண்டனில் குடியேறி, ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்த்தார். மாணவர்கள் உடனிருந்து கற்க அவர்கள் இசைய வேண்டும் என்பதே நிபந்தனை. 1752இல் வெளிவந்த அவருடைய நூலின் ஞானத்தில் பெரும் பகுதி, பெயர் தெரியாத அந்தப் பெண்களின் உடலிலிருந்து பெறப்பட்டது.

ஏழைப் பெண்ணின் உடலிலே கற்ற வித்தை பிரபுக்களின் வீட்டில் எவ்வளவு தயங்கியது என்பதற்கு 1817ஆம் ஆண்டு சாட்சி. பட்டத்து உரிமை கொண்ட இளவரசி சார்லட் ஐம்பது மணி நேரம் வேதனைப்பட்டும், அவருக்குப் பிரசவம் பார்த்த வைத்தியர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட் குறடு என்னும் அந்த ஆயுதத்தைப் போடத் துணியவில்லை. சிசு இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில் இளவரசியும் மாண்டார். மூன்று மாதம் கழித்து அவ்வைத்தியர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அதன்பின் வைத்தியருலகில் தயக்கம் தளர்ந்தது. 1847இல் குளோரோஃபார்ம் என்னும் மயக்க மருந்து புகுந்ததும் வலியால் அலறித் தடுக்கும் தாயும் மௌனமாக்கப்பட்டாள். வசதியுள்ள வீடுகளுக்கு அழைக்கப்பட்ட குடும்ப வைத்தியர், காத்திருக்கும் பிற நோயாளிகளை நினைத்து அவசரப்பட்டு, கருப்பையின் கழுத்து முழுதாக விரியுமுன்பே ஆயுதத்தை எடுப்பது சாதாரணமாயிற்று. ஏழை வீட்டுக்கு வந்த மருத்துவச்சிக்கோ ஆயுதம் எடுக்க உரிமையில்லை, அவள் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பே பல பெண்களைக் காத்தது என்று நான் கருதுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930 முதல் 1932 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, பிரசவ மரணம் மேல் வர்க்கத்தாரிடம் அதிகமாகவும் திறனில்லாத கூலியாட்களின் மனைவியரிடம் குறைவாகவும் இருந்தது. மற்ற எந்த நோயிலும் பெரும்பாலும் காணாத தலைகீழான வரிசை இது. மரணக் கணக்கைக் காயத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா எனில், அக்காலத்துப் பிரசவ மரணங்களில் பெரும்பங்கு கிருமி புகுந்த சுரத்தால் நேர்ந்தது என்பதையும், கருவியால் கிழிந்த சதையே கிருமிக்கு நல்ல வாசல் என்பதையும் நினைத்தால், கொள்ளலாம். அட்லாண்டிக்குக்கு அப்பால், சிகாகோவின் பிரசவ வைத்தியர் ஜோசப் டிலீ 1920இல், முதற் பிரசவங்களில் வருமுன் காப்பாகவே தாயை மயக்கி, யோனி வாசலை வெட்டி, ஆயுதம் போட்டு எடுத்துத் தைத்துவிடலாம் என்று வாதித்தார். அவர் நிறுவிய ஏழைகளுக்கான வீட்டுப் பிரசவ சேவையோ பொறுமையாகக் காத்திருந்து மிகச் சிறந்த பலன் கண்டது. ஒரே மனிதரின் இரு வழிகள் இரு வர்க்கங்களைச் சென்றடைந்தன.

காயத்தை ஆற்றும் வித்தையும் வர்க்கத்தின் வழியே வந்ததுதான். அலபாமாவின் மான்ட்கோமரியில் 1845 முதல் 1849 வரை மேரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர், அனார்க்கா, பெட்ஸி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் ஃபிஸ்டுலாவை மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுத்துத் தைத்துப் பார்த்தார். அனார்க்காவுக்கு மட்டும் சுமார் முப்பது முறை. இறுதியில் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது துளை மூடிற்று. மறுக்கும் உரிமையே இல்லாத பெண்ணின் இசைவை இசைவென்று கொள்ள முடியாது. நியூயார்க் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018இல் அகற்றப்பட்டது. இதனோடு எத்தியோப்பியாவைச் சேர்த்து நோக்க வேண்டும். 1959இல் அடிஸ் அபாபா வந்த காதரின், ரெஜினால்ட் ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியர், சாலையற்ற மலைக் கிராமங்களிலிருந்து சிறு வயதிலேயே தாயாகிச் சிதைந்து வந்த பெண்களுக்காக 1974இல் தனி ஆஸ்பத்திரி அமைத்தனர். அங்கே நோயாளியாக வந்த, எழுத்தறிவில்லாத மமிட்டு காஷே, பின்னர் அதே அறுவையைத் தாமே செய்யும் தேர்ந்த கைகாரியானார். செல்வ நாடுகளில் அநேகமாக மறைந்துவிட்ட இத்துளையோடு இன்றும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இலட்சக்கணக்கான பெண்கள் சிகிச்சையின்றி வாழ்கிறார்கள்.

இங்கிலாந்தில் இன்று மிஞ்சியிருப்பது வேறு வகைக் காயம். 2000க்கும் 2012க்கும் இடையே, அங்கு முதன்முறை இயற்கை வழியில் பிரசவித்த பெண்களிடம் ஆசனவாய்த் தசைவரை கிழிந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 1.8இலிருந்து 5.9 ஆக உயர்ந்தது. ஆயுதப் பிரசவமும் சிசுவின் அதிக எடையும் ஆசிய வம்சமும் இதற்குக் காரணக் கூறுகளாக இருக்க, அவற்றோடு வசதியான பகுதியில் வாழ்வதும் ஒரு கூறாகத் தென்பட்டது. பிரசவித்த பெண்ணை முன்னைவிடக் கவனமாகப் பரிசோதித்துக் கிழிசலைக் கண்டறியும் பழக்கம் அதே ஆண்டுகளில் பரவியதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்களே கருதுகிறார்கள். வசதியுள்ளவளுக்குக் கிழிசல் அதிகமா, அல்லது அவளிடம் அது அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறதா என்பதைப் பிரித்தறிய, பதிவான காயங்களை மட்டும் எண்ணுவது போதாது. பிரசவித்த எல்லாப் பெண்களையும் ஒரே முறையில், ஒரே கவனத்தோடு பரிசோதித்து, தையல் ஆறிய பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.