பிள்ளை பிடித்த லெப்டினன்ட்

பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பிள்ளைகள் வந்து சேர வேண்டுமே! அந்தப் பள்ளிக்கூடம் கடலுக்கு அக்கரையில், வேறொரு தேசத்தில் இருந்துவிட்டாலோ, கவலை பத்து மடங்காகிவிடும். "பையனை எதற்கு ஐயா அவ்வளவு தூரம் கொண்டுபோகிறாய்?" என்று பெற்றவர்கள் கேட்பார்களல்லவா?

1889-ஆம் வருஷம் ஜப்பானில் ஒரு மனிதர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றினார். அவர் பெயர் அராவோ செய். வயது முப்பது. ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்தவர். அவர் பிள்ளை சேர்த்ததோ, சீனாவில் ஷாங்காய் நகரத்தில் தொடங்கவிருந்த ஒரு வர்த்தகப் பள்ளிக்கூடத்துக்கு!

ராணுவத்தாருக்கும் வர்த்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிய வேண்டுமானால், மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

1886-ல் ஜப்பானிய ராணுவத் தலைமைக் காரியாலயம் அராவோவைச் சீனாவுக்கு அனுப்பியது. அப்போது ஷாங்காயில் கிஷிடா கிங்கோ என்ற ஜப்பானியர் கண் மருந்து விற்றுக்கொண்டிருந்தார். ஆசாமி லேசுப்பட்டவரல்ல. ஹெப்பர்ன் என்ற அமெரிக்க வைத்தியப் பாதிரியார் ஜப்பானிய - ஆங்கில அகராதி தொகுத்தபோது கூட இருந்து உதவியவர். கண் மருந்து செய்யும் முறையும் அந்தப் பாதிரியாரிடம் கற்றுக்கொண்டதுதான்.

கிஷிடாவின் உதவியோடு, யாங்ட்ஸி நதிக்கரையிலுள்ள ஹாங்கௌ நகரில் அராவோ ஒரு கிளைக் கடை வைத்தார். பார்வைக்கு மருந்தும் புத்தகமும் விற்கிற கடை. ஆனால் கடையைச் சேர்ந்த வாலிபர்கள் சீனரைப் போல் உடுத்து, பின்சடை விட்டுக்கொண்டு, சரக்கு மூட்டையோடு உள்நாட்டில் வெகுதூரம் போவார்கள். பாதை, ஆறு, பட்டாளம், விளைச்சல், விலைவாசி என்று கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டு திரும்புவார்கள். வியாபாரமும் வேவும் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

மூன்று வருஷம் இப்படிச் சீனாவைப் பார்த்த பிறகு அராவோவுக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. மேல்நாட்டார் ஆசியாவை விழுங்கிவிடாமல் இருக்க வேண்டுமானால் ஜப்பானும் சீனாவும் வர்த்தகத்தால் ஒன்றுபட்டுப் பலம் பெற வேண்டும். அதற்குச் சீன பாஷையும் சீன வியாபார வழக்கமும் தெரிந்த வாலிபர்கள் வேண்டும். இதைத்தான் அவர் ஜப்பானுக்குத் திரும்பி மேடை மேடையாகப் பேசினார். பேச்சில் வசியம் இருந்திருக்க வேண்டும். 1890-ல் ஏறக்குறைய 150 வாலிபர்கள் அவரை நம்பிக் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் 'ஜப்பான் - சீன வர்த்தக ஆராய்ச்சி நிலையம்' ஷாங்காயில் திறக்கப்பட்டது.

நிலையம் நன்றாக நடந்ததா என்றால், இல்லை. எதிர்பார்த்த சர்க்கார் பணம் வரவில்லை. அராவோ பணத்துக்கு அலைய, நிர்வாகச் சுமையைத் தோளில் தாங்கியவர் அவருடைய ராணுவ நண்பர் நெஸு ஹஜிமே. மனம் ஒடிந்து பாதியில் ஊர் திரும்பிய மாணவர்களும் உண்டு. அந்தத் தரித்திரத்துக்கு நடுவிலும், சீன வர்த்தகத்தைப் பற்றி 2,000 பக்கங்களுக்கு மேற்பட்ட பெரும் புத்தகம் ஒன்றை நெஸு 1892-ல் வெளிக்கொண்டு வந்தார். 1893-ல் சுமார் 90 பேர் படிப்பை முடித்தார்கள்.

மறு வருஷமே யுத்தம் வந்துவிட்டது! ஜப்பானுக்கும் சீனாவுக்கும்தான். சீன பாஷை தெரிந்தவர்கள் ராணுவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கணக்கும் வர்த்தகமும் கற்ற பையன்களில் பெரும்பாலோர் துபாஷிகளாகவும் ஒற்றர்களாகவும் போனார்கள். சிலர் சீன வேஷத்தில் பிடிபட்டு மரண தண்டனை அடைந்தார்கள்.

அப்படியானால் அராவோ ஏமாற்றுக்காரரா? அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. யுத்த வெற்றியில் ஜப்பான் மயங்கிக் கிடந்தபோது, சீனாவிடம் நிலமும் பெரும் நஷ்டஈடும் கேட்கக் கூடாது என்று துணிந்து எழுதியவர் அவர். யார் கேட்டார்கள்? 1895 உடன்படிக்கையில் ஜப்பான் 20 கோடி டேல் வெள்ளியும் தைவான் தீவும் வாங்கிக்கொண்டது. 1896-ல் அந்தத் தைவானிலேயே, பிளேக் நோய் கண்டு அராவோ இறந்தார். வயது முப்பத்தேழு.

ஆனால் பள்ளிக்கூடம் அவரோடு சாகவில்லை. 1901-ல் ஷாங்காயில் 'டோவா டோபுன் ஷோயின்' என்ற கல்லூரி தோன்றியது. அதன் தலைவர், பழைய நண்பர் நெஸுவேதான். அவரும் ஜப்பானில் மாகாணம் மாகாணமாகப் போய், "உங்கள் பிள்ளைகளை உங்கள் செலவில் அனுப்புங்கள்" என்று கேட்டார், மாகாணங்கள் அனுப்பின. மாணவர்கள் கோஷ்டி கோஷ்டியாகச் சீனா முழுவதும் பிரயாணம் செய்து, சந்தையையும் நாணயத்தையும் எடை அளவையும் ஆராய்ந்து எழுதினார்கள். நாற்பத்துநாலு வருஷத்தில் சுமார் 5,000 பேர் படித்தார்கள். 1937-ல் மீண்டும் யுத்தம். மீண்டும் மாணவர்கள் துபாஷிகளாகப் பட்டாளத்தோடு போனார்கள். கல்லூரிக் கட்டிடமும் எரிந்து சாம்பலாயிற்று. 1945-ல் ஜப்பான் தோற்றதும் கல்லூரி முடிந்தது.

நாடு திரும்பிய ஆசிரியர்கள் 1946-ல் டோயோஹாஷி நகரில் ஐச்சி சர்வகலாசாலையைத் தொடங்கினார்கள். அராவோ பிறந்த நகோயாவும் அந்த ஐச்சி மாகாணத்தில்தான் இருக்கிறது. ஷாங்காயில் பல வருஷமாகச் சேகரித்த சீன - ஜப்பானிய அகராதிச் சீட்டுகள் மட்டும் சீன சர்க்கார் வசம் சிக்கிக்கொண்டன. கேட்டுப் பார்த்தார்கள். 1954-ல் சீனா அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. அப்போது இரு தேசங்களுக்கும் ராஜதந்திர உறவுகூடக் கிடையாது. 1968-ல் அகராதி அச்சாகி வெளிவந்தது.

"பையனை எதற்கு ஐயா கொண்டுபோகிறாய்?" என்ற கேள்விக்கு அராவோ மேடையில் சொன்ன பதில் வேறு, 1894-ல் சரித்திரம் சொன்ன பதில் வேறு. உண்மையான பதில் கிடைக்க எண்பது வருஷம் பிடித்தது. அயலான் பாஷையைக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு, அது பிற்பாடு எதற்குப் பயன்படும் என்பதில் அதிகாரம் இல்லை. பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது. அழைத்துப் போகிறவர்கள் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது.