யானைமலை (மதுரை)

யானைமலை மதுரை நகரின் வடகிழக்கில், மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடைக்கு அருகே அமைந்துள்ள ஒரு பாறைக் குன்றாகும். துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போன்ற தோற்றம் கொண்டிருப்பதால் இப்பெயர் பெற்றது. ஆனைமலை என்றும் இது வழங்கப்படுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலை வேறு, இது வேறு.

பெயரின் பழமை

இக்குன்றிலுள்ள இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவியர் தங்குவதற்கான கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் காணப்படுகின்றன. அக்கல்வெட்டு இம்மலையை 'இவகுன்றம்' எனக் குறிப்பிடுகிறது. 'இபம்' என்பது யானையைக் குறிக்கும் சொல். ஆகவே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இம்மலையை யானையாகவே கண்டனர் என்பது தெரிகிறது. மதுரையைச் சூழ்ந்த சமணர்களின் எண்பெருங்குன்றங்களுள் ஒன்றாகவும் இது எண்ணப்படுகிறது. திருஞானசம்பந்தரின் தேவாரமும் சமணர் வாழ்ந்த இடமாக இதனைச் சுட்டுகிறது.

பாண்டியர் குடைவரைகள்

மலையடிவாரத்திலுள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன் காரி குடைவித்தார். இவர் கரவந்தபுரத்தைச் சேர்ந்தவர். கோயில் வேலை முற்றுப்பெறும் முன்னரே அவர் மறைந்தார். அவருக்குப்பின் அமைச்சுப் பொறுப்பேற்ற தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்வித்தார். கல்வெட்டில் கலியுக ஆண்டு 3871 என்று குறிக்கப்பட்டுள்ளது. இது கி.பி. 770 ஆகும். ஆட்சியாண்டுகளை மட்டுமே தரும் கல்வெட்டுகள் பல இருக்க, கலியாண்டு தரும் இக்கல்வெட்டு பாண்டியர் கால வரிசையை வரையறுக்கப் பெரிதும் உதவியது. அருகிலேயே, முருகனும் தெய்வானையும் அமர்ந்த கோலத்தில் உள்ள லாடன் கோயில் என்னும் மற்றொரு குடைவரையும் உள்ளது.

சமணச் சிற்பங்கள்

மலையின் மேற்பகுதிப் பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, இயக்கி அம்பிகை ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அச்சணந்தி உள்ளிட்டோர் செய்வித்த திருமேனிகளைக் குறிக்கின்றன. அவற்றுள் ஒன்றை நரசிங்கமங்கலத்துச் சபையார் பாதுகாக்க வேண்டும் எனக் குறிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. திருமால் பெயர் தாங்கிய ஊரின் சபை சமணத் திருமேனிக்குக் காவலாக அமைந்தது.

புராணக் கதை

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'யானை எய்த படலம்' வேறொரு கதை சொல்கிறது. மதுரையை அழிக்கச் சமணர் வேள்வியில் தோற்றுவித்த யானையைச் சிவபெருமான் வேடனாக வந்து நரசிங்கக் கணையால் வீழ்த்த, அதுவே மலையாயிற்று என்பது அக்கதை. மலையின் வடிவம், சமணர் வாழ்வு, நரசிங்கர் கோயில் ஆகிய மூன்றுக்கும் இக்கதை ஒருங்கே காரணம் கற்பிக்கிறது. ஆனால் பிற்காலக் கதை பகைமையாகக் காட்டும் சமயங்கள் இம்மலையில் அருகருகே வாழ்ந்ததையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இன்றைய நிலை

2010இல் இம்மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் அரசளவில் முன்வைக்கப்பட்டது. மலையின் வடிவமும் தொல்சின்னங்களும் சிதையும் என அடிவார ஊர் மக்களும் ஆர்வலர்களும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மதுரையில் தொடங்கிய 'பசுமை நடை' குழுவினர், இத்தகைய குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்று அவற்றின் வரலாற்றை எடுத்துரைத்து வருகின்றனர். மதுரை வட்டாரத்தில் பல குன்றுகள் கருங்கல்லுக்காக வெட்டியெடுக்கப்பட்டு உருவிழந்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரிட்டவர்கள் கண்ட அதே யானையை இன்றைய மதுரை மக்களும் காண்கின்றனர்.