அடுப்புப் புகையும் அத்தையின் நாடியும்

உத்திரமேரூர்னு சொன்னதும் நம்ம பதிவர்கள் பாதிப்பேர் கேமராவைத் தூக்கிக்கிட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஓடிடுவீங்க. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறை, 919, 921... அதைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. நான் இன்னிக்கு எழுதப் போறதும் வரலாறுதான். ஆனா கல்லுல வெட்டினது இல்லை, சமையக்கட்டுச் சுவத்துல கரியாப் படிஞ்சது :)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க அத்தை பீடி, சிகரெட் தொட்டதே கிடையாது. ஆனா சின்ன வயசுலயே ஊதுகுழலோட அடுப்பு முன்னாடி உட்கார்ந்தவங்க. வறட்டி, வேலிக்காத்தான் முள்ளு, பனை ஓலை... எது கிடைச்சுதோ அதுதான் விறகு. ஐம்பதைத் தாண்டினதும் இருமல், சளி, இளைப்பு. மார்கழி வந்தா அது ரெண்டு மடங்காகும். ஒரு மார்கழியில, "நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிச்சுக்கற மாதிரி இருக்குடா"ன்னாங்க. "எல்லாம் பயம்தான் அத்தை, தண்ணி குடிச்சிட்டுப் படுங்க"ன்னு சொன்ன மேதாவி நான்தான்.

ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் நாடியைப் பிடிச்சார். என்னையும் பிடிச்சுப் பார்க்கச் சொன்னார். ஒரு துடிப்பு வேகமா, அடுத்தது தாமதமா, நடுவுல ஒண்ணைக் காணோம். ஈசிஜி எடுத்துட்டு, "நுரையீரல் கெட்டா இதயத்தோட தாளமும் கெடும்"னார். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுதான் இந்தப் பதிவு.

இந்தக் கதையில முதல்ல வர்றவர் டாக்டர் பத்மாவதி. 1917ல் பர்மாவில் மாக்வேயில் பிறந்தவர். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படிச்சார். 1942ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் அம்மா, சகோதரிகளோட தப்பிச்சு நம்ம கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். போர் முடிஞ்சப்புறம் லண்டன், அமெரிக்கான்னு போய் இதய மருத்துவம் படிச்சிட்டு, 1953ல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர்னு அவரைத்தான் சொல்றாங்க.

அங்கே அவர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். நாள்பட்ட நுரையீரல் நோயால இதயத்தோட வலது பக்கம் வீங்கிப்போய் வர்றவங்கள்ல ஆண்களும் பெண்களும் கிட்டத்தட்ட சமமா இருந்தாங்க. ஆண்கள்ல பெரும்பாலானவங்க புகைபிடிக்கிறவங்க, சரி. அந்தப் பழக்கமே இல்லாத பெண்களுக்கு எப்படி? 127 நோயாளிகளை ஆராய்ஞ்சு 1959ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரோட சந்தேகம் போன இடம் வறட்டி எரியற அடுப்பு! எங்க அத்தை அடுப்பு ஊதிக்கிட்டிருந்த அதே காலத்துல, அந்தப் புகையோட கணக்கை டெல்லியில ஒருத்தர் எழுதிக்கிட்டிருந்திருக்கார். 2020 ஆகஸ்டில் கொரோனாவால் அவர் இறந்தப்போ வயசு 103.

சரி, நுரையீரலுக்கும் நாடிக்கும் என்ன சம்பந்தம்? நுரையீரல் கெட்டுப்போனா அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள இதயத்தோட வலது பக்கம் அதிகமா உழைக்கணும். உழைச்சு உழைச்சு மேலறை இழுபட்டுப் போயிடும். அது மேல திடீர்னு சளியும் காய்ச்சலும் சேர்ந்து நோய் முத்தும்போது ஆக்சிஜன் குறையுது, கரியமில வாயு ஏறுது. வழக்கமா ஒரே இடத்துலேர்ந்து கிளம்பற மின் துடிப்பு அப்போ பல இடத்துலேர்ந்து கிளம்ப ஆரம்பிக்குது. மேளக்காரர் ஒருத்தர் வாசிக்க வேண்டிய இடத்துல நாலு பேர் ஆளுக்கொரு தாளம் போட்டா எப்படி? அதுதான்.

1968ல் அமெரிக்க மருத்துவர்கள் மூணு பேர் 32 நோயாளிகளோட ஈசிஜியை வச்சு இந்தப் 'பல இடத் துடிப்பை' விரிவா எழுதினாங்க. இது பெரும்பாலும் நுரையீரல் நோய் முத்தின வயசானவங்களுக்குத்தான் வருது. 1785லேர்ந்து மருத்துவர்கள் நம்பின டிஜிட்டாலிஸ் இதுல பெருசா எடுபடலை. ஆக்சிஜன் குடுத்து, தொற்றைக் குறைச்சு நுரையீரலைச் சரி பண்ணினாத்தான் தாளம் அடங்குது. இதே நோயாளிகளுக்கு வர்ற இன்னொரு வகை, மேலறை நடுக்கம். அதுல ரத்தம் உள்ளே தேங்கிக் கட்டி, மூளைக்குப் போனா பக்கவாதம். அதனால அதுக்குத் தனி மருந்து வேணும். ரெண்டுல எதுன்னு கை வச்சுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈசிஜிதான் சொல்லும்.

மூச்சுக்குக் குடுக்கற மருந்தே இதயத்தை விரட்டும்ங்கறது இன்னொரு கிளைக்கதை. 1888ல் ஜெர்மனிக்காரர் கோசல் தேயிலையிலிருந்து தியோஃபிலினைப் பிரிச்செடுத்தார். நம்ம ஊர் மருந்துக்கடையில டெரிபிலின்னு கேட்டு வாங்கறோமே, அதுல இருக்கறது இந்தக் குடும்பம்தான். குணமாக்கற அளவுக்கும் கெடுதல் பண்ற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைவு. கூடவே சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சேர்ந்தா ரத்தத்துல அதோட அளவு ஏறிடும். சளிக்கு ஒண்ணு, இளைப்புக்கு ஒண்ணுன்னு நாமளா வாங்கிப் போடறோம் பாருங்க, ஆபத்தே அங்கதான்.

இங்கிலாந்துல 1960கள்ல ஐசோப்ரீனலின் இன்ஹேலர் பரவலா ஆனப்போ ஆஸ்துமாச் சாவுகளும் திடீர்னு கூடிச்சு. 1967ல் எச்சரிக்கை குடுத்தாங்க. அடுத்த வருஷம் சீட்டு இல்லாம விக்கறதை நிறுத்தினாங்க, சாவும் குறைஞ்சது. மருந்துதான் காரணமான்னு ரொம்ப வருஷம் வாதம் நடந்தது. 1969ல் வந்த சால்புட்டமால் இதயத்தை அவ்வளவா சீண்டாது. ஆனா அளவு மீறினா அதுவும் படபடக்க வைக்கும். அதுக்காக யாரும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

சொந்த ஊருக்குப் பக்கத்துல வருவோம். 1997 வரைக்கும் எங்களோட ஒரே செங்கல்பட்டு மாவட்டமா இருந்த திருவள்ளூர்ல, 45 கிராமங்கள்ல, புகைபிடிக்காத 900 பெண்களைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் சோதிச்சு 2011ல் வெளியிட்டாங்க. 2.44 சதவீதம் பேருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். தினம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல சமையக்கட்டுல இருக்கறவங்கள்ல 3 சதவீதம். கேக்கச் சின்ன எண்ணுதான். நூறு வீட்டுல ரெண்டு மூணு அத்தைங்கன்னு நினைச்சுப் பாருங்க.

எங்க அத்தை அந்தத் தடவை பிழைச்சுட்டாங்க. இப்ப ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை, தினமும் இன்ஹேலர். வீட்டுல கேஸ் இருக்கு. ஆனா வெந்நீரும் நெல் அவிக்கறதும் இன்னும் பின்பக்கத்து விறகடுப்புலதான். "சிலிண்டர் என்ன சும்மாவா வருது?"ன்னு கேக்கறாங்க. பதில் சொல்லத் தெரியலை. ஊருக்குப் போறப்பல்லாம் ஒரு நிமிஷம் மணிக்கட்டைப் பிடிச்சு எண்ணறேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

உங்க வீட்டுலயும் இளைப்போட யாராவது இருந்து, படபடப்புன்னு சொன்னா, "பயம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். தப்பு இருந்தா மருத்துவப் பதிவர்கள் பின்னூட்டத்துல குட்டலாம் :)